காகிதப் பையோடு வந்த பாடகர் டைனி டிம்

1968-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி இரவு. அமெரிக்க டெலிவிஷனில் 'லாஃப்-இன்' என்ற நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பு. பெயருக்கு ஏற்றபடி அது சிரிப்பு நிகழ்ச்சி. அதை நடத்தியவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவரான டான் ரோவன், ஒரு புதுப் பாடகரை அழைத்து வந்திருப்பதாக அறிவித்தார். யார் அந்தப் பாடகர் என்று கூட்டாளி டிக் மார்ட்டினுக்கே தெரியாது.

உள்ளே வந்த மனிதர் ஆறடிக்கு மேல் உயரம். தோளில் புரளும் சுருட்டை முடி. பெரிய வளைந்த மூக்கு. முகத்தில் வெள்ளைப் பவுடர். கையில், மளிகைக் கடையில் சாமான் போட்டுக் கொடுப்பார்களே, அது போன்ற ஒரு பை. பைக்குள் கையை விட்டு, குழந்தைகள் விளையாட்டுச் சாமான் போல இருந்த ஒரு வாத்தியத்தை எடுத்தார். இடது கையால் மீட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தார்.

பெண் குரல்! அதுவும் உச்ச சுருதியில்!

மார்ட்டின் திருதிருவென்று விழித்தார். கூடியிருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பார்த்தவர்களில் பலர், இது யாரோ ஒரு நடிகர் போடும் கோமாளி வேஷம் என்றே நினைத்தார்கள்.

அது வேஷம் அல்ல. டைனி டிம் என்ற அந்த மனிதர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தார், தெருவிலும் அப்படித்தான் நடந்தார். அப்போது அவருக்கு வயது 35. அதில் 30 வருஷத்தை ஒரே காரியத்தில் கழித்திருந்தார். தான் பிறப்பதற்கு முன்னால் அமெரிக்கா பாடிய பாட்டுகளைத் தேடித் தேடிப் படிப்பதே அந்தக் காரியம்.

பிழைக்க வந்த குடும்பம்

அவருடைய சொந்தப் பெயர் ஹெர்பர்ட் கோரி. 1932-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தகப்பனார் லெபனான் நாட்டு பெய்ரூட்டிலிருந்து வந்தவர், துணித் தொழிலாளி. தாயார் போலந்து யூத வம்சம், ஆடை தைக்கும் தொழிலாளி. அப்பாவைப் பெற்றவர் கிறிஸ்தவப் பாதிரியார். அம்மாவைப் பெற்றவர் யூத மதகுரு. வெவ்வேறு மதம், வெவ்வேறு நாடு. பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த இடத்தில் இருவரும் கணவன் மனைவி ஆனார்கள். நியூயார்க்கின் வடபகுதியில் வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற இடத்தில் குடியிருந்தார்கள்.

பையனுக்கு 5 வயது இருக்கும்போது தகப்பனார் ஒரு பழைய கிராமபோன் பெட்டி வாங்கி வந்தார். கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்கும் பெட்டி. கூடவே ஒரு இசைத்தட்டு. ஹென்றி பர் என்ற பாடகர் பாடிய 'பியூட்டிஃபுல் ஒஹையோ'. பையன் அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். திரும்பத் திரும்ப அதே தட்டு.

ஹென்றி பர் யார் என்று இன்று அமெரிக்காவிலேயே கேட்டால் தெரியாது என்பார்கள். ஒரு காலத்தில் அவர் குரல் கேட்காத வீடு இல்லை. கனடாவில் பிறந்தவர். பல பெயர்களில் ஆயிரக்கணக்கான தட்டுகளுக்குப் பாடியவர். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். குரலின் அதிர்வு புனல் வழியே போய் ஊசியை ஆட்டும். ஊசி மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மெல்லிய குரல் உள்ள எவ்வளவு பெரிய வித்வானும் அங்கே தோற்றுப் போவார். தெளிவும் கனமும் உள்ள குரல்தான் தட்டில் ஏறும்.

1925-ல் மைக் வந்தது. காதோடு பேசுவது போல மெதுவாகப் பாடுகிறவர்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. புனல் காலத்துப் பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். ஹெர்பர்ட் பையன் அந்தத் தட்டைக் கேட்கும்போது ஹென்றி பர் உயிரோடுதான் இருந்தார். ஆனால் அவருடைய பெரும் புகழ் அதற்குள் பழங்கதை ஆகிவிட்டது.

அந்தப் பழங்கதையைத்தான் பையன் பிடித்துக்கொண்டான். நம் ஊர்களிலும் கிட்டப்பா பாட்டு, பாகவதர் பாட்டு என்று பழைய தட்டுகளைத் தேடி அலையும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் தங்கள் இளமையைத் தேடுகிறார்கள். இந்தப் பையனோ தன் இளமையிலேயே, தாத்தா காலத்துப் பாட்டைத் தேடி அலைந்தான்!

நூலகமே கதி

ஆறு வயதில் கிடார் வாசிக்கத் தானே கற்றுக்கொண்டான். பிறகு வயலின், மாண்டலின், யுகுலேலே. பள்ளிப் படிப்பு ஏறவில்லை, உயர்நிலைப் பள்ளியோடு நின்றது. ஆனால் நியூயார்க் பொது நூலகத்துக்கு அவன் போகாத வாரம் இல்லை. கிராமபோன் கம்பெனிகளின் சரித்திரம், எந்தப் பாட்டை யார் எந்த வருஷம் பாடினார்கள் என்ற விவரம், பாட்டின் சுரக் குறிப்பு அச்சிட்ட பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் புரட்டினான். குறிப்புகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டான். பிற்காலத்தில் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னால் போதும். முதலில் பாடியவர் யார், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று மூச்சு விடாமல் சொல்வார் டைனி டிம்.

வயிற்றுப் பிழைப்புக்கு மெட்ரோ கோல்ட்வின் மேயர் சினிமாக் கம்பெனியின் நியூயார்க் ஆபீசில் தபால் கொண்டு கொடுக்கும் பையனாக வேலை பார்த்தார். மாலையானால் பாட்டுப் போட்டி எங்கே நடக்கிறது என்று தேடிப் போவார். அவருடைய இயற்கைக் குரல் கனத்த ஆண் குரல். ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்த ஒருநாள், குரலை மேலே தூக்கினால் பெண் குரல் வருவதைக் கண்டுகொண்டார். அதிலிருந்து இரண்டு குரலும் அவருக்குக் கைவந்தது. ஆண் ஒரு வரி, பெண் ஒரு வரி என்று வரும் ஜோடிப் பாட்டைத் தனி ஆளாகவே பாடி முடிப்பார்.

முடியை வளர்த்தார். முகத்துக்கு வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டார். அது 1950-களின் அமெரிக்கா. ஆண்கள் ஒட்ட முடி வெட்டிக்கொண்ட காலம். தெருவில் கேலி செய்தார்கள். பெற்ற தாயே பயந்து போய், மகனை மனநோய் மருத்துவரிடம் காட்டக் கிளம்பினார். தகப்பனார் குறுக்கிட்டுத் தடுத்தார். கிராமபோன் வாங்கிக் கொடுத்தவர் அல்லவா!

நாலு தந்தி வாத்தியம்

யுகுலேலே என்பது கிடாரின் தம்பி. நாலே தந்தி. கைக்கு அடக்கமாக இருக்கும். போர்ச்சுக்கல் நாட்டுக்குச் சொந்தமான மதீரா தீவிலிருந்து 1879-ல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய்த் தீவுக்கு வந்த தொழிலாளிகள் தங்கள் ஊர் வாத்தியத்தையும் கொண்டு வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இது. விரல்கள் தந்திமேல் துள்ளும் வேகத்தைப் பார்த்து, ஹவாய்க்காரர்கள் குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்கள் என்பார்கள். 1915-ல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சி மூலம் அமெரிக்கா முழுவதும் பரவியது. 1920-களில் கல்லூரிப் பையன்கள் எல்லோர் கையிலும் அதுதான். பிறகு மவுசு குறைந்தது. டைனி டிம் கையில் எடுத்தபோது அது பழைய காலத்து வாத்தியம். பழைய பாட்டுக்குப் பழைய வாத்தியம்.

தெள்ளுப்பூச்சி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1959-ல் அவருக்குக் கிடைத்த ஒரு மேடை, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் இருந்த ஹூபர்ட்ஸ் மியூசியம். கத்தி விழுங்குகிறவர், விசித்திர உருவம் உள்ளவர்கள் எல்லோரையும் காசு வாங்கிக்கொண்டு காட்டும் இடம். தெள்ளுப்பூச்சி சர்க்கசுக்குப் பேர் போனது. அங்கே 'பாடும் கேனரிக் குருவி லாரி லவ்' என்ற பெயரில் அவர் பாடினார். வேடிக்கைப் பொருள்களில் அவரும் ஒன்று.

பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. லாரி லவ், எம்மெட் ஸ்விங்க், டாரி டோவர். ஒரு பெயர் ராசியில்லை என்று பட்டால் அடுத்த பெயர். கடைசியில் ஒரு மானேஜர் வைத்ததுதான் டைனி டிம். சார்லஸ் டிக்கன்சின் கிறிஸ்துமஸ் கதையில் வரும் நொண்டிச் சிறுவனின் பெயர் அது. டைனி என்றால் சின்னஞ்சிறு. அந்த மானேஜர் அதற்கு முன் குள்ளர்களை வைத்து நிகழ்ச்சி நடத்தியவராம். ஆறடி மனிதருக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பெயரே முதல் சிரிப்பை உண்டாக்கியது.

1960-களின் தொடக்கத்தில் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஒரு கிளப்பில் வாரம் ஆறு நாள், தினம் ஆறு மணி நேரம் பாடினார். சம்பளம் மாதம் 96 டாலர். அதே வட்டாரத்தில் அப்போது பெயர் தெரியாத இன்னொரு இளைஞரும் பாடிக்கொண்டிருந்தார். கஃபே வா என்ற இடத்தின் சமையல்கட்டில் இருவரும் உருளைக்கிழங்கு வறுவல் தின்றபடி உட்கார்ந்திருப்பது வழக்கம். அந்த இளைஞர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பாப் டிலன். தன் சுயசரிதையில் அவர் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒரே வருஷத்தில்

பெரிய புள்ளிகள் கூடும் 'சீன்' என்ற கிளப்பில் பாட ஆரம்பித்ததும் அதிர்ஷ்டம் திரும்பியது. ரிப்ரைஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் செய்தது. 'லாஃப்-இன்' நிகழ்ச்சி நாடு முழுவதும் முகத்தைக் காட்டியது. ஜானி கார்சனின் டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு அழைப்பு. எட் சல்லிவன் நிகழ்ச்சிக்கு அழைப்பு. பீட்டில்ஸ் பாடகர்கள் 1968-ல் தங்கள் ரசிகர்களுக்கு வெளியிட்ட கிறிஸ்துமஸ் தட்டிலும் அவர் குரல் இடம் பெற்றது.

'டிப்-டோ த்ரூ தி துலிப்ஸ்' என்ற பாட்டு அந்த வருஷம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 17-வது இடம் வரை ஏறியது. துலிப் மலர்களுக்கு நடுவே நுனிக்காலில் நடந்து வா என்று காதலியை அழைக்கும் பாட்டு. 1929-ல் ஒரு சினிமாவில் நிக் லூகாஸ் என்பவர் கிடார் வாசித்துப் பாடியது. நாற்பது வருஷத்துக்கு முந்திய பாட்டு, புதுப் பாட்டுகளோடு போட்டி போட்டு வென்றது.

அந்தப் பாட்டு அடங்கிய முதல் ஆல்பத்தை ரிச்சர்ட் பெர்ரி தயாரித்தார். கேலிப் பொருளாக அல்ல, கச்சேரியாகவே தயாரித்தார். இன்றைக்கும் அதைக் கேட்கிறவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. பெண் குரல் அதில் ஒரு பகுதிதான். ஆண் குரலில், பழைய பாடகர்களின் உச்சரிப்பு, மூச்சு விடும் இடம் எல்லாம் மாறாமல் அப்படியே பாடுகிறார். மிமிக்ரிக்காரர் பிறர் குரலைக் காட்டிக் கைதட்டு வாங்குவார். டைனி டிம் செய்தது வேறு. அந்தப் பழைய பாடகர்கள் தனக்குள் உயிரோடு இருப்பதாக அவர் உண்மையிலேயே நம்பினார்.

1968-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பெரிய வாத்தியக் கோஷ்டியோடு கச்சேரி. ஒலிப்பதிவும் செய்தார்கள். ஆனால் அந்தப் பதிவு கம்பெனியிலேயே தூங்கியது. வெளியே வந்தது 2000-ல். பாடியவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது!

பணம் கொட்டியது. லாஸ் வேகாசில் வாரத்துக்கு 50 ஆயிரம் டாலர் சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதின. மாதம் 96 டாலர் வாங்கியவர்!

டெலிவிஷனில் கல்யாணம்

1969-ல் ஒரு கடையில் தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது விக்கி பட்டிங்கர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அந்த வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, ஜானி கார்சன் நிகழ்ச்சியிலேயே கல்யாணம். மேடை எங்கும் ஆயிரக்கணக்கான துலிப் பூக்கள். பார்த்தவர்கள் சுமார் நாலு கோடிப் பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வயது 37. மணப்பெண்ணுக்கு 17.

அந்தக் கல்யாணத்தில் பாட ஒரு முதியவரை அழைத்திருந்தார்கள். அவர்தான் நிக் லூகாஸ். 1929-ல் துலிப் பாட்டைப் பாடிய அதே நிக் லூகாஸ். கல்யாணத்தைப் பற்றி எழுதியவர்கள் மாப்பிள்ளையின் தலைமுடியைப் பற்றித்தான் பத்தி பத்தியாக எழுதினார்கள். மறந்து போன ஒரு பாடகரை நாலு கோடிப் பேர் முன்னால் மீண்டும் பாட வைத்தது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

இல்லறம் நிலைக்கவில்லை. பாட்டில் மட்டுமல்ல, மனைவி விஷயத்திலும் அவர் தாத்தா காலத்து மனிதர். மனைவி வீட்டோடு இருக்க வேண்டும், கணவன் சொல்படி நடக்க வேண்டும் என்று பகிரங்கமாகவே பேசினார். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது. துலிப் என்று பெயர் வைத்தார்கள். 1977-ல் விவாகரத்து.

கூட்டம் கலைந்தது

சரிவு கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. வறுமையில் இருந்தபோது, நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். புகழ் வந்ததும் பழைய ஒப்பந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். 1960-களின் ஆரம்பத்தில் எப்போதோ பதிவு செய்த பாட்டுகளை ஒரு சிறு கம்பெனி தூசி தட்டி எடுத்து, கைதட்டல் சத்தத்தை ஒட்டுப் போட்டு, புதுக் கச்சேரி போல 1968-லேயே கடைக்கு அனுப்பியது. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். உண்மையான இரண்டாவது ஆல்பத்தின் விற்பனையை அது கெடுத்தது. மூன்றாவது ஆல்பம் குழந்தைப் பாட்டுகள். கிராமி பரிசுப் போட்டிக்குத் தேர்வானது, ஆனால் விற்கவில்லை. ரிப்ரைஸ் கம்பெனி கைவிட்டது.

அடிப்படைக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஜனங்கள் சிரிப்பதற்காக டிக்கெட் வாங்கினார்கள். ஒரே வேடிக்கைக்கு எத்தனை தடவை சிரிப்பார்கள்? சிரிப்பு தீர்ந்ததும் எழுந்து போய்விட்டார்கள். பாட்டுக்காக உட்கார்ந்திருந்தவர்கள் மிகச் சிலர்.

ஆனால் 1970 ஆகஸ்டில் ஒருநாள் விதிவிலக்காக அமைந்தது. இங்கிலாந்தில் ஒயிட் தீவில் பெரிய இசைவிழா. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், டோர்ஸ், மைல்ஸ் டேவிஸ் என்று பெரிய தலைகள் பாடவும் வாசிக்கவும் வந்த விழா. பல லட்சம் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன் டைனி டிம் ஒரு மெகாபோன் குழலை வாயில் வைத்துக்கொண்டார். இங்கிலாந்து என்றும் இருக்கும் என்று பொருள்படும் 1939-ம் வருஷத்து யுத்த காலப் பாட்டைப் பாடினார். மைக் பரவாத காலத்தில் மேடைப் பாடகர்கள் கையாண்ட கருவி அந்தக் குழல். கேலி செய்யத் தயாராக இருந்த கூட்டம் எழுந்து நின்று கூடவே பாடியது.

அதன் பிறகு சின்ன ஓட்டல்கள், பொருட்காட்சிகள், கிளப்புகள். யார் கூப்பிட்டாலும் போனார். ஆஸ்திரேலியாவில் மட்டும் அவருக்கு ஒரு பக்தர் இருந்தார். பெயர் மார்ட்டின் ஷார்ப். சிட்னியின் பிரபல ஓவியர். 1968 ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரியைக் கேட்டு மயங்கியவர். அவருடைய முயற்சியால் 1979 ஜனவரியில் சிட்னி லூனா பார்க்கில் டைனி டிம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் பாடினார். ஒரு பாட்டு முடிந்து மூச்சு விடாமல் அடுத்த பாட்டு. நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள், கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஷார்ப் அதைப் படம் பிடித்தார். அந்தப் படத்துக்காகத் தன் சொத்தையும் வருஷங்களையும் செலவழித்தார்.

1985-ல் ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றினார். யானைக்கும் கோமாளிக்கும் நடுவே அவருக்கு ஒரு இடம். ஹூபர்ட்ஸ் மியூசியத்தில் ஆரம்பித்தவர், 26 வருஷத்துக்குப் பின் மறுபடி அங்கேயே வந்து சேர்ந்தது போல இருந்தது. அவர் அலுத்துக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் மிஸ்டர், மிஸ் என்று மரியாதையோடுதான் அழைப்பார். பாடச் சொன்னால் போதும், பையிலிருந்து யுகுலேலே வெளியே வரும்.

கடைசிப் பாட்டு

1995-ல் சூசன் என்ற பெண்ணை மூன்றாவதாக மணந்து, மின்னியாபொலிஸ் நகரில் குடியேறினார். நீரிழிவும் இருதயக் கோளாறும் இருந்தன.

1996-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாண்டேகு என்ற சிறிய ஊரில் யுகுலேலே விழா நடந்தது. மேடையேறிப் பாடத் தொடங்கியவர் மாரடைப்பால் சாய்ந்து கீழே விழுந்தார். சுமார் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி மேடை ஏறக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

நவம்பர் 30-ந் தேதி மின்னியாபொலிஸ் மகளிர் சங்கத்தில் நிதி திரட்டும் விருந்து. டாக்டர் சொன்னது மறந்து போனதோ, மறக்க நினைத்தாரோ, டைனி டிம் எழுந்து போய்ப் பாடினார். துலிப் பாட்டு. பாடிக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. மனைவி ஓடி வந்து தாங்கினார். அவர் கையிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 64.

2020-ல் அவருடைய நாட்குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு சுவீடன் டைரக்டர் ஒருவர் ஒரு டாக்குமெண்டரிப் படம் எடுத்தார். அதற்கு முன்பே, 2010-ல் 'இன்சிடியஸ்' என்ற பேய்ப் படத்தில் துலிப் பாட்டை அவர் குரலிலேயே போட்டுப் பயமுறுத்தினார்கள். கலகலப்பான காதல் பாட்டு, இன்றைய இளைஞர்களுக்குப் பேய்ப் பாட்டாக அறிமுகம் ஆனது!

குழந்தைகளுக்கு மட்டும் வேறு வழியில் அறிமுகம். 1999-ல் 'ஸ்பாஞ்ச்பாப்' கார்ட்டூன் தொடரின் முதல் கதை ஒளிபரப்பானது. கடலுக்கு அடியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பசியோடு ஒரு பெரும் கூட்டம் உள்ளே புகுந்துவிடுகிறது. புதிதாக வேலைக்கு வந்த மஞ்சள் நிறப் பையன் அத்தனை பேருக்கும் கணத்தில் பலகாரம் செய்து போடுகிறான். அந்தக் காட்சியில் பின்னணியில் ஒலிப்பது டைனி டிம்மின் குரல், முதல் ஆல்பத்தில் அவர் பாடிய பாட்டு. மாரிஸ் செவாலியே 1930-ல் ஒரு சினிமாவில் பாடியதை டைனி டிம் எங்கோ ஒரு பழைய தட்டில் கண்டெடுத்துப் பாடியிருந்தார். பாடுகிறவர் யார் என்று தெரியாமலே பல நாட்டுக் குழந்தைகள் அதைக் கேட்டுக் குதித்தார்கள். பாட்டுக்கு அப்போது வயது 69.